அத்தாட்சி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் அத்தாட்சி. “தண்ணி வந்துட்டு நின்னிருக்கும்” என்று மனைவி சொன்னால் போதும், “போய்ப் பாத்தியா?” என்று ஆரம்பித்துவிடுவார். ஊகம், அனுமானம், உத்தேசம், குருட்டு நம்பிக்கை என்று எந்தப் பெயர் வைத்தாலும் அதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டவன் பேச்சு என்பது அவர் கட்சி. அவரோடு வேலை பார்க்கும் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, இதைச் சொல்லிச் சொல்லியே அவர் காலை வாருவான்.

அன்று ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் பிரேக் மாற்றினார்கள். லிஃப்ட் போகும் சந்துக்குள் ஒருவர் இறங்கினால், அவர் வெளியே வந்து குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர் மெயின் சுவிட்சைத் தொட வேண்டும். அது அவரே போட்ட சட்டம்.

மாலையில் மொட்டை மாடி மோட்டார் அறையில் அவர் மட்டும் இருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் போனில் கத்திக்கொண்டே இருந்தார். மச்சினனின் பையைக் காணோம். டீ குடிக்கக் கிளம்பிவிட்டான் என்று நினைத்தார். சுவிட்சைப் போட்டார்.

கரண்ட் வந்ததும் லிஃப்ட் தானாகக் கீழே இறங்கத் தொடங்கியது. அடியிலிருந்து டங்கென்று ஒரு சத்தம். ஸ்பேனர் விழும் சத்தம்!

சுவிட்சை அணைத்துவிட்டுப் படிகளில் விழுந்தடித்து ஓடினார். ‘டீக்கடையிலதான் இருப்பான். இல்லாம எங்க போவான்?’ என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

தரைத்தளக் கதவைச் சாவி போட்டுத் திறந்தார். லிஃப்ட் கூண்டு இடுப்பு உயரத்தில் நின்றிருந்தது. அதற்குக் கீழே குழி, ஒரே இருட்டு. டார்ச் கையில்தான் இருந்தது. ஆனால் அடிக்க விரல் வரவில்லை. பார்க்காதவரை அவன் டீக்கடையில் இருந்தான்.

“மாமா, வெளிச்சம் காட்டுங்க.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மச்சினன் குழியின் மூலையிலிருந்து தலையை நீட்டினான். முன்பே தவறி விழுந்த ஸ்பேனரை எடுக்கப் பையோடு இறங்கியிருக்கிறான். யாரும் விழுந்துவிடக் கூடாதென்று கதவையும் சாத்தியிருக்கிறான். குழிக்குள் இருந்தபடியே லிஃப்டை நிறுத்தி வைக்கும் சிவப்புப் பொத்தானை மட்டும் அமுக்கவில்லை.

“கூண்டு வந்தப்ப பயந்துட்டியாடா?”

“எதுக்கு? நம்ம அத்தாட்சி பாக்காமலா சுவிட்ச போடுவாரு? நான் இருக்கறது தெரிஞ்சுதான் பிரேக்க சோதிக்கிறீங்கன்னு, எடுத்த ஸ்பேனர கீழ போட்டுட்டு அசையாம உக்காந்துட்டேன். சரி, தூக்கி விடுங்க.” சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை.

“எனக்குத் தெரியாதுடா. நீ டீ குடிக்கப் போயிட்டேன்னு நெனச்சுட்டேன்.”

மச்சினன் நிமிர்ந்து தலைக்கு மேலிருந்த கூண்டைப் பார்த்தான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, சுவரிலிருந்த இரும்பு ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் தானே ஏறி வந்தான்.