குப்பைக்குழிப் பக்கம்

அப்பா இறந்த மறு வருடம், பாகம் பிரித்துவிடலாம் என்றார் பெரியப்பா. மானாவாரிக் காட்டை முன்பே பிரித்தாயிற்று. வீட்டுக்குப் பின்னாலிருந்த பொடக்காளித் தோட்டம் மட்டும் பாக்கி. எங்கள் ஊரில் மூத்தவர் இரண்டாக வகுத்து வைப்பார், இளையவர் முதலில் எடுப்பார். அப்பா இல்லாததால் எடுக்க வேண்டியவள் அம்மா.

மேற்கே ஐந்து தென்னை. கிழக்கே குப்பைக்குழி. குழியைச் சுற்றிச் சேம்பும் கருணைக்கிழங்கும், வேலியில் கோவையும் பிரண்டையும் தூதுவளையும், நடுவில் தானாக முளைத்த கீரைகள். இரண்டு வருடமாகக் காட்டில் விளைச்சல் இல்லை. கிழக்கே பறித்ததை ஓமலூர்ச் சந்தையில் விற்றுத்தான் அம்மா கம்பு வாங்கி வந்தாள்.

அளக்கும் நாளன்று பெரியப்பா நல்லது என்று நினைத்து ஒன்று செய்தார். கயிறு நேராக விழட்டும், பூச்சிபொட்டு இல்லாமல் இருக்கட்டும் என்று ஆள் விட்டுக் கிழக்குப் பக்கம் முழுவதையும் கொத்திவிட்டார். அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது வேலிக்கொடிகூட இல்லை. குடத்தை இறக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள்.

"களையெல்லாம் போயி களம் மாதிரி இருக்குது பாரு," என்றார் பெரியப்பா, என்னிடம். அம்மாவோடு அவர் நேராகப் பேசமாட்டார். அம்மாவும் கணவனின் அண்ணன் முன் வாய் திறக்கமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று அவள் சொல்வதை நான் வெளியே வந்து சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்கு என் பேரே வராது.

பாகம் பிரிக்க வந்திருந்த வெங்கடாசலக் கவுண்டர், "உங்கம்மாளுக்கு எந்தப் பக்கம்னு கேட்டுச் சொல்லு சாமி," என்றார்.

உள்ளே போனேன். அம்மா, "கெழக்கால பக்கம்," என்றாள்.

"அங்க ஒண்ணுமே இல்லியேம்மா."

"மேலதான் இல்ல. போய்ச் சொல்லு."

வெளியே வந்தேன். தென்னையில் குலை குலையாகக் காய். நான் மேற்கு என்றால் மேற்குதான். அம்மா வெளியே வந்து இல்லையென்று சொல்லமாட்டாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கெழக்குங்க," என்றேன்.

பெரியம்மா சிரித்தாள். "குப்பைக்குழியவா? ஆத்தாளும் மகளும் மூக்கப் புடிச்சுக்கிட்டுச் சோறு திங்கோணும்."

கவுண்டர் சிரிக்கவில்லை. "இன்னொருக்கா கேட்டுட்டு வா. அப்புறம் மாத்த முடியாது."

நான் உள்ளே போகவில்லை. "கெழக்குத்தானுங்க."

மழை வர இருபது நாள் ஆயிற்று. சந்தைக்குக் கொண்டுபோக ஒன்றுமில்லை. கூழ் வரவர நீர்த்துப்போனது. ஒருநாள் மேற்கே விழுந்து கிடந்த தேங்காயை எடுத்து வந்தேன். அம்மா திரும்ப வைத்துவிட்டு வரச் சொன்னாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

மழைக்குப் பின் முதலில் குப்பைக்கீரை வந்தது. பிறகு சுருட்டிய இலையோடு சேம்பு, கருணை. கொத்துப்பட்டுக் கிடந்த பிரண்டைத் துண்டுகள் ஆளுக்கொரு கொடியாக எழுந்தன. கோவை வேலியைப் பிடித்தது. தூதுவளை மட்டும் வரவேயில்லை.

பெரியப்பா எல்லையில் நின்று வெகுநேரம் பார்த்தார். "களைன்னு நெனச்சுக் கொத்திப் போட்டேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு."

சொன்னேன். கீரை கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "களைதானுங்களாம், அதனாலதான் திரும்ப வந்துச்சாம்னு சொல்லு."

அப்படியே போய்ச் சொன்னேன். அந்த வாரம் சந்தைக்கு இரண்டு கூடை போயிற்று. ஒன்று என் தலையில்.