மூன்றாவது பைப்

என் வண்டியின் சத்தத்துக்குக் கருத்துச் சொல்லாதவன் எங்கள் தெருவில் ஒருத்தன்கூட இல்லை. செல்போன் கடை வைத்திருக்கும் என் மச்சான் முதல், சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டத் தெரியாத தையல்காரர் வரை எல்லாருக்கும் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. வால்வு டேப்பட் லூசாகியிருக்கும், முடுக்கினால் போதும் என்றான் ஒருவன். கலப்பட டீசல் என்றான் இன்னொருவன். "வயசானா முட்டி சொடக்கு விடத்தான் செய்யும், விடுப்பா" என்றார் தையல்காரர். மச்சான் ஒரு படி மேலே போய், இருப்பதிலேயே கெட்டியான ஆயிலாகப் பார்த்து வாங்கிவந்து தன் கையாலேயே ஊற்றினான். சத்தம் அடங்கிவிட்டது. அன்றைக்கு அவன் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். நானும்தான் அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

வண்டி ஒரு பழைய டீசல் வேன். எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்காதீர்கள். மீட்டர் ஒரு முழுச் சுற்று முடித்துப் பூஜ்ஜியத்துக்கு வந்து, மறுபடியும் பாதி தூரம் ஏறி, அலுத்துப்போய் நின்றுவிட்டது. பின்சீட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு அங்கே ஒரு இரும்புக் கட்டிலைத் தரையோடு திருகி வைத்திருக்கிறேன். அது என் அக்காவுக்கு. அவளுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. போதாக்குறைக்கு, முறிந்த இடுப்பெலும்பு சரியாகக் கூடாமல் போனதால் உட்கார்ந்துகொண்டு பயணம் செய்ய முடியாது. திங்கள்கிழமையும் வியாழக்கிழமையும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் அவளை டயாலிசிஸ் மெஷினில் சேர்த்தாக வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அதற்கு மேலும் டாக்டர் ஒன்று சொன்னார். அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு திங்கள்கிழமை, திரும்பி வரும் வழியில், மச்சானின் ஆயிலை மீறிக்கொண்டு சத்தம் மறுபடி வந்தது. இந்த முறை அது சொடக்கு இல்லை. யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல் டொக், டொக் என்று என் சீட்டுக்கு அடியிலிருந்தே வந்தது. இந்த வேனில் எஞ்சின் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடியது. விட்டால் அப்போதும் நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் குறைந்தது.

"என்னடா, உன் வண்டிக்குப் பசிக்குதா?" என்றாள் பின்னாலிருந்து அக்கா. மெஷினிலிருந்து இறங்கினால் அவளுக்குக் குரலே எழும்பாது. ஆனாலும் என்னைக் கிண்டல் செய்ய மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும்.

மலை இறங்கியதும் முதல் கட்டடமே கொக்கின் ஒர்க் ஷாப். கொக்கு என்பது நாங்கள் வைத்த பெயர். ஆள் நெட்டை, ஒரு காலைப் பம்பரில் தூக்கி வைத்துக்கொண்டு எஞ்சினுக்குள் கழுத்தை விட்டால் மீன் கிடைக்காமல் எடுக்க மாட்டான். அக்காவை வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன். வீடு வரைக்கும் போய்ச் சேருமா என்று பயமாக இருந்ததால் நேரே அங்கேயே திருப்பினேன்.

கொக்கு என் சீட்டைத் தூக்கினான். ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்து, "எந்த மகராசன் இத ஊத்தினது?" என்றான்.

"மச்சான்."

"நல்லா ஊத்தினான். காய்ச்சலுக்குப் போர்வைய போத்தின மாதிரி."

விரலில் ஒட்டிய ஆயிலை வெயிலில் திருப்பினான். அதில் மினுமினுவென்று உலோகப் பொடி தெரிந்தது. நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, வண்டியை ஓடவிடச் சொன்னான். மேலே கேட்டான், கீழே கேட்டான். கீழே வந்தபோது முகத்தைச் சுளித்தான்.

"டேப்பட் தானே?" என்றேன். அப்படியிருந்துவிட்டால் நல்லது என்பதைத் தவிர அதைச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

"ஒவ்வொண்ணா சாகடிச்சுப் பாத்துடலாம்" என்றான்.

நாலு சிலிண்டர், நாலுக்கும் நாலு டீசல் பைப். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பைப்பின் நட்டை ஸ்பேனரால் தளர்த்தினால் டீசல் வெளியே போய்விடும், அந்த சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. முதல் பைப்பைத் தளர்த்தினான். வண்டி உதறியது, டொக் டொக் அப்படியே இருந்தது. மறுபடி முடுக்கினான். இரண்டாவது. அப்போதும் இருந்தது. மூன்றாவதைத் தளர்த்தினான்.

சத்தம் நின்றுவிட்டது.

"அப்பாடா!" என்று கட்டிலிலிருந்து அக்கா சத்தமாகவே சொன்னாள். "நின்னுடுச்சே! கொக்கு, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா. சரியாயிடுச்சா?"

கொக்கு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவளுக்கு நாங்கள் இருவருமே பதில் சொல்லவில்லை. அவன் அந்த நட்டை மறுபடி முடுக்க, டொக் டொக் திரும்ப வந்தது.

என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னான். "அந்தப் பைப்ப எடுத்தா நிக்குதுன்னா, சாவு அங்கதான் இருக்கு. மூணாவது பிஸ்டன் ராடோட பேரிங். தேஞ்சு பொடியாயிடுச்சு. இனிமே ராடு ஆடி ஆடித் தட்டும். ஒரு நாள் எஞ்சினையே உடைச்சிட்டு வெளிய வரும்."

"எஞ்சின இறக்கிப் பாத்துடு."

"இறக்கலாம். ராடு சுத்துற கிராங்க் ஷாஃப்ட டவுனுக்கு அனுப்பிக் கடைஞ்சு வாங்கணும். இந்த மாடலுக்கு சாமான் தேடணும். குறைஞ்சது ரெண்டு வாரம்."

"வியாழக்கிழமை போகணும்டா."

"தெரியும்."

"அப்ப இறக்காம விட்டா?"

"அதுவும் எனக்குத் தெரியும். என்கிட்ட ஏன் கேக்குற?" என்று எரிந்து விழுந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கைதான்.

அடுத்த இரண்டு நாளும் வேறு வண்டிக்கு நாயாய் அலைந்தேன். கல்யாணத்துக்கு வண்டி கேட்டால் வாசலில் வரிசை கட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்கு என்றால் எல்லா வண்டிக்கும் ஒரே நாளில் டயர் பஞ்சர். ஆம்புலன்ஸ்காரர்கள் அவசரத்துக்குத்தான் வருவோம் என்றார்கள். இப்போது அவசரம் இல்லை, ஒரு நாள் தவறினால்தான் அவசரம் என்று ஒரு பெண் போனில் பொறுமையாக எனக்கு விளக்கினாள். மச்சான் தன் காரைத் தருகிறேன் என்று சாவியோடு வந்து நின்றான். அக்காவைப் பின்சீட்டில் சாய்த்துப் பார்த்தோம். வலியில் அவள் உதட்டைக் கடித்ததைப் பார்த்ததும் அவனே இறக்கிவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆயில் விஷயத்தைச் சொல்லி அவனைத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன், மனசு வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கொக்கிடமே போய் நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தான். மச்சானின் ஆயில் அப்படியே இருக்கட்டும், அந்தக் கெட்டிதான் இப்போதைக்கு ராடுக்கு மெத்தை என்றான். மூன்றாவது பைப்பை இன்ஜெக்டரிலிருந்து கழற்றி, அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு பிளாஸ்டிக் கேனுக்குள் விட்டு, கேனை என் சீட்டின் பக்கத்தில் கம்பியால் கட்டினான். அந்த சிலிண்டருக்குப் போகவேண்டிய டீசல் இனி கேனில் சேரும்.

"இது வைத்தியம் இல்ல. ராடு உள்ள சுத்திக்கிட்டேதான் இருக்கும், அடி மட்டும் குறையும், அவ்வளவுதான்" என்றான். "மூணு சிலிண்டர்ல மெதுவா ஏறு. மறுபடி சத்தம் வந்துச்சுன்னா..." கேனைக் கட்டிய கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினான்.

வியாழக்கிழமை காலையில் கட்டிலில் படுத்ததுமே அக்காவின் கண்ணில் அந்தக் கேன்தான் பட்டது. "உன் வண்டிக்கும் டியூப் போட்டுட்டாங்களா? பாவம்டா. உப்பில்லாம சாப்பிடச் சொல்லு" என்றாள். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

வண்டி உடம்பெல்லாம் உதறிக்கொண்டு ஏறியது. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்து, என் பரம்பரையையே விசாரித்துவிட்டு முந்திப் போயின. சத்தம் வரவில்லை. ரேடியோவைப் போடாமல், அக்காவோடும் பேசாமல், வழி நெடுக என் சீட்டுக்கு அடியில் மட்டுமே காதை வைத்திருந்தேன். இல்லாத சத்தத்துக்குக் காத்திருப்பது இருக்கிற சத்தத்தைவிடக் கொடுமை. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளை மெஷினில் சேர்த்துவிட்டு வந்து, ஆள் இல்லாத கட்டிலில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

திரும்பும்போது, உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரமே இருக்கையில், ஒரு டொக் கேட்டது.

பிரமை என்று நினைத்தேன். இன்னொன்று கேட்டது. பிறகு அது நிற்கவேயில்லை. டீசலே போகாத சிலிண்டர் தட்டுகிறதென்றால் உள்ளே இனி தேய்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை என்று அர்த்தம். ஓரமாக நிறுத்தினால் இந்த வண்டி மறுபடி கிளம்பாது. வெயிலில், ரத்தம் சுத்தமாகி கீரைத்தண்டாய்த் துவண்டு கிடப்பவளை வைத்துக்கொண்டு நான் யாரைக் கூப்பிடுவேன்? நிறுத்தாமல் போனால் எப்போது உடையும் என்று தெரியாது. எஞ்சினைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினேன். மூளையில்லாத இரும்பிடம் மனுஷன் என்னவெல்லாம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

உச்சி வந்தது. சாலை இறங்கத் தொடங்கிய இடத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினை அணைத்தேன். கேனில் டீசல் சொட்டுவது நின்றது. வண்டி தன் பாரத்திலேயே உருண்டது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் கல்லாய் இறுகிவிடும். காலால் முழு பலத்தோடு மிதித்தும் கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தும் ஒவ்வொரு வளைவாக இறக்கினேன். செய்யக்கூடாத வேலைதான். டயர் ஓடுவதும் காற்றும் தவிர வேறு ஓசை இல்லை.

அடிவாரத்தில், உருண்டு வந்த வேகம் கொக்கின் ஒர்க் ஷாப் வாசல் வரைக்கும் வந்து தீர்ந்தது. கொக்கு வெளியே வந்தான். சத்தமே இல்லாமல் வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் இனி இது ஓடாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்றான்.

"சத்தம் நின்னுடுச்சுல்லடா" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. சரியாயிடுச்சு."

கண்ணாடியில் பார்த்தேன். ஊசி போட்ட கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"பொய் சொல்லாத. அன்னைக்கு நின்னப்பவும் நீங்க ரெண்டு பேரும் வாயத் திறக்கல" என்றாள். அப்புறம், என்னைத் தேற்றுகிற குரலில் கேட்டாள்: "திங்கக்கிழமை எத்தனை மணிக்குடா வருவ?"

சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"எப்பவும் போல ஆறு மணிக்குக்கா" என்றேன்.