தனியாக வந்த மீன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது நொஹோராவின் மீன்கடையில். பொரித்த மீனுக்காக நான் காத்திருக்க, அவள் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் ரேடியோல கதை படிக்கிறாரு. பெத்த பொண்ணு ஒரு கதைகூட முழுசா கேக்க மாட்டேங்குது. இவரு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு திரியறாரு." தட்டு வருவதற்குள் எனக்குக் கதை வந்துவிட்டது. இப்படி ஆரம்பித்தேன்:

மக்தலேனா ஆற்றின் மேல் காலைப் பனி மெல்ல இறங்கிக்கொண்

(ஹோண்டாவில் பனியா? இந்த ஊரில் விடிந்ததும் முதுகு நனைந்துவிடும். நொஹோராவின் பெண் தாமாரிஸ் இதைப் படித்தால் என் மானம் போய்விடும். அடித்துவிட்டேன்.)

முன்னொரு காலத்தில் ஒரு

(எந்த வருஷம் என்று கேட்பாள். இதையும் அடித்துவிட்டேன்.)

2

சரி, நேராகவே சொல்கிறேன். அர்னுல்ஃபோ உள்ளூர் வானொலியில் சனிக்கிழமைதோறும் சிறுவர் கதை வாசிப்பவன். அவன் குரலுக்குப் பிள்ளைகள் சோற்றை மறந்து உட்காருவார்கள். ஒன்பது வயது மகள் தாமாரிஸ் மட்டும் எழுந்து போய் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று படிப்பாள்.

அவன் கடற்கொள்ளையர் கதையோடு போனான். "கப்பல் எத்தனை டன்?" என்றாள். பேசும் சிறுத்தையோடு போனான். "அதோட தொண்டை அமைப்புக்கு வார்த்தை வராதுப்பா."

"கதைம்மா. சும்மா கேளு."

"பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்குக் கேக்கணும்?"

இதையே பள்ளி வாத்தியார் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். சொன்னது பெற்ற மகள். தனக்கு மிகவும் பிடித்த ஒன்று, தனக்கு மிகவும் பிடித்த ஆளுக்குப் பிடிக்கவில்லையே என்று உள்ளுக்குள் வலித்தது. ஒரே ஒரு கதையை முடிவுவரை கேட்டால் போதும் என்று அவன் ஏங்கினான்.

(நொஹோராவைக் கதைக்குள் கொண்டுவரும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அவளாக வந்து, "அவளுக்குப் பிடிக்காட்டி விட்டுருங்களேன். எனக்கும்தான் உங்க குரல் பிடிக்காது, நான் குடும்பம் நடத்தலையா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். இதை எப்படி வெட்டுவது?)

3

டிசம்பர் இருபத்தெட்டு. இங்கே அன்று அப்பாவிகள் தினம்.* யாரையும் யாரும் ஏமாற்றலாம். பத்திரிகையும் வானொலியும்கூடச் செய்திகளுக்கு நடுவே ஒரு புளுகைச் செருகும். நம்பியவரிடம் அன்றைக்குள் "நீ அப்பாவி" என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் விதி.

செய்தி வாசிப்பவர் விடுமுறையில் போயிருந்ததால் நாற்காலி அர்னுல்ஃபோவுக்குக் கிடைத்தது. புளுகும் அவன் பொறுப்பே. அடுத்தவர் எழுதியதை வாசித்தே பழகியவன் முதல்முறையாகச் சொந்தமாக ஒன்றைக் கட்டினான்:

"ஆற்றில் மீன்கள் ஏறும் பருவத்துக்கு முன்பாகவே ஒரே ஒரு போகாச்சிகோ மீன் எதிர்நீச்சலில் தனியாக வந்துகொண்டிருக்கிறது. நேற்று லா தொராதாவில் காணப்பட்டது. இன்று ஹோண்டா பாலத்தைக் கடக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது."

வீட்டில் தாமாரிஸ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "போகாச்சிகோ கூட்டமாத்தாம்மா வரும். தனியா வராது. அதனாலதான் செய்தியில சொல்றாங்க." அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். கதையில் புளுகைத் தேடுகிறவள் செய்தியில் தேடவில்லை.

* தமிழில் எழுதுவதால் எனக்கு ஒரு லாபம். 'அப்பாவி'க்குள் ஒரு அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஹோண்டாவில் இது ஒருவருக்கும் தெரியாது.

4

ஆற்றங்கரையில் எலியேசர் வலை உதறிக்கொண்டிருந்தார். (இவரை நான் முழுக்க நம்பவில்லை. கதைக்கு இத்தனை தோதாக ஒரு மனிதர் வந்து நின்றால் உங்களுக்குச் சந்தேகம் வரும். இரண்டுமுறை அடித்தேன். அவர் இல்லாமல் அடுத்த வரி வரவே மாட்டேன் என்கிறது.)

"மாமா, தனியா ஒரு போகாச்சிகோ வந்துச்சா?"

அவரும் வானொலி கேட்டவர்தான், தேதியும் தெரிந்தவர்தான். குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

"வந்துச்சே. வால்ல ஒரு கிழிசல். வலையில விழுந்துச்சு, நான்தான் விட்டுட்டேன்."

"ஏன் விட்டீங்க?"

"அவ்வளவு தூரம் தனியா வந்துருக்கு. பொரிக்க மனசு வரல பாப்பா."

பக்கத்துப் படகுக்காரர், "எங்கிட்ட வழிகூடக் கேட்டுச்சு" என்றார். தாமாரிஸ் அவரை முறைத்தாள். மீன் பேசாது.

5

மத்தியானம் வீட்டுக்கு வந்த அர்னுல்ஃபோ, மகள் மூச்சுவாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டான். முதலில் மனம் துள்ளியது. பிறகு பயந்தான். கதைதான் பொய், அப்பா சொல்வது நிஜம் என்றிருந்த குழந்தை. இனி நிஜத்தையும் நம்பாமல் போனால்?

"சொல்லிருங்க" என்றாள் நொஹோரா. "ராத்திரி ஆனா அது வெறும் பொய்."

சொன்னான். "கண்ணு, இன்னிக்கு இருபத்தெட்டு. நீ அப்பாவி."

தாமாரிஸ் அளவு நாடாவை மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

(இங்கே முடிக்கலாம். 'அதன்பிறகு அவள் அப்பாவின் வானொலியைக் கேட்கவே' — வேண்டாம், இந்த ஊருக்கு அழுகை ஒட்டாது. 'வளர்ந்து பெரிய எழுத்தாளராகி' — சீ.)

கதவு திறந்தது.

"வால்ல கிழிசல்னு நீங்க ரேடியோல சொல்லலையே."

"இல்லம்மா."

"அது எலியேசர் மாமாவா சேர்த்தது."

"ஆமா."

"அப்ப, விட்டதும்?"

"அதுவும்தான்."

அவள் நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப அது எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லம்மா. பொய்தான்னு சொன்னேனே."

"பொய்னு தெரியும்ப்பா. இப்ப எங்க இருக்கு?"

6

அர்னுல்ஃபோ வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி வந்திருக்கிறது. கையில் வாசிக்கத் தாள் இல்லை. நொஹோரா அடுப்பை அணைத்துவிட்டு, கேட்காதவள்போல் வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறாள். அவன் சன்னல் வழியாக என்னைத்தான் பார்க்கிறான். எனக்கு அந்த மீன் லா தொராதாவிலிருந்து இங்கே வந்தது மட்டும்தான் தெரியும். அதனால் அவனை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன்.

பாலத்தைத் தாண்டியாயிற்று, வால் கிழிந்திருக்கிறது, எதிரே வெள்ளம் வேகமாக வருகிறது. மீனைப் பேசவைத்துவிடாதீர்கள், எழுந்து போய்விடுவாள். சொல்லுங்கள், குழந்தை காத்திருக்கிறாள்.