கிணற்றுச் சுவரில் சந்திரம்மாள்

மெர்சி சமூகப்பணி எம்.ஏ. சேர்ந்தபோது படப்பையில் அவள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நாலு பேருக்கு நல்லது செய்ய எதற்கு ஒரு படிப்பு?

அவளுடைய அப்பா எபினேசரிடம் பதில் இருந்தது. அவர் ஒரு ஃபாக்டரியில் வாட்ச்மேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இன்னும் நிறைய கம்பெனிகள் வரப்போகின்றன, ஒவ்வொன்றுக்கும் தொழிலாளர் நல அதிகாரி ஒருவர் வேண்டும், அந்த வேலைக்கு இந்தப் படிப்புதான் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். "நான் கேட்ல ஆபீசருங்களுக்கு சல்யூட் அடிச்சி உள்ள வுடறனே, அவுங்க மாதிரி நீயும் ஒருநாள் வந்து எறங்கணும்" என்பார். இரண்டாம் வருஷம் எந்தப் பிரிவு எடுப்பது என்பதை மார்ச்சுக்குள் சொல்ல வேண்டும். மெர்சியும் ஏறக்குறைய நல அதிகாரிப் பிரிவு என்றே முடிவு செய்திருந்தாள்.

அப்படி இருந்தபோதுதான் 1991 பிப்ரவரியில் அது நடந்தது.

வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு வகுப்பு கிடையாது, களப்பணி. வடக்குப்பட்டு கிராமத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய குழந்தைகள் மையத்துக்குப் போவாள். பிள்ளைகளை எடை பார்ப்பதும் தாய்மார்களோடு பேசுவதும் வேலை. மையப் பொறுப்பாளர் அருள்நாதன் அன்று செங்கல்பட்டுக்குப் போயிருந்தார். உச்சி வெயிலில் அந்த ஊர்க் கோவிந்தம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டீச்சரம்மா, எம் மருமவ புள்ளய தூக்கினு போயி கெணத்து மேல குந்திகினு கீறா. கிட்ட வந்தா குதிச்சிடுவேன்றா."

மருமகள் சந்திரம்மாள் பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மெர்சி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

வயலோரத்து பம்ப்செட் கிணறு. போன மழையில் நிறைந்த தண்ணீர் இன்னும் பாதிக்கு மேல் நின்றது. சந்திரம்மாள் இடுப்புயரச் சுவரின் மேல், கால்களை உள்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த தலைமுடி. மார்பில் துணியில் சுற்றிய குழந்தை. சுற்றிலும் பத்திருபது பேர் நின்று ஆளுக்கொன்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கணவனின் சித்தப்பா கோதண்டம் மாட்டுக் கயிற்றோடு அவளுடைய முதுகுப் பக்கமாக நெருங்கிக்கொண்டிருந்தார்.

மெர்சி அவர் கையைப் பிடித்தாள். "வேணாங்க. உங்கள பாத்தா வுழுந்துடுவாங்க."

"பேய் புடிச்சிகினு கீதும்மா அத. கட்டித் தூக்கினு போயி பூசாரியாண்ட வுட்டா வேப்பிலைலயே ஓட்டிடுவாரு. உனுக்கு இன்னா தெரியும்?"

"பேய் இல்லீங்க. பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு வர்ற நோவு இது. நான் பேசிப் பாக்கறேன். எல்லாரையும் அந்தப் பனைமரத்தாண்ட கூட்டினு போங்க."

 கோதண்டம் ஒரு கணம் கிணற்றைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். நாகப்பன் என்ற பக்கத்து வீட்டுக்காரர் சந்திரம்மாளின் கணவன் தசரதனை அழைத்துவர, அவன் வேலை பார்த்த ஃபாக்டரிக்குச் சைக்கிளில் பறந்தார்.

மெர்சி நாலைந்து கஜம் தள்ளி நின்றாள். வகுப்பில் படித்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அக்கா, அது உங்க புள்ளக்கா. நீங்க பெத்த புள்ள."

சந்திரம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். "நீயும் அவுங்க ஆளுதானா? எம் புள்ளய ஆஸ்பத்திரிலயே மாத்திட்டாங்க. இது வேற. இத தண்ணில வுட்டாத்தான் என்னுது திரும்பி வரும்." சொல்லிக்கொண்டே உள்பக்கமாக இன்னும் நகர்ந்தாள். சுவரிலிருந்து உதிர்ந்த காரை தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. பனைமரத்தடியில் கோவிந்தம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

 தவறு செய்துவிட்டோம் என்று மெர்சிக்குப் புரிந்தது. அப்போதுதான், பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த ஒரு வரி எங்கிருந்தோ எழுந்து வந்தது. மனம் குழம்பியவர்கள் நம்புவதை மறுக்கவும் வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். அவர்கள் படும் பாட்டைக் கேள்.

அவள் மெதுவாக மண்ணில் உட்கார்ந்தாள்.

"தூங்கி எத்தினி நாளாச்சுக்கா?"

 குழந்தை சிணுங்கியது.

"ரொம்ப பயமா கீதா?"

தண்ணீரைப் பார்த்தபடியே, "கண்ண மூடுனா வந்துடுவாங்க" என்றாள் சந்திரம்மாள். "ராத்திரில்லாம் நான்தான் முழிச்சினு கீறேன். எல்லாரும் தூங்கறாங்க. நான் மட்டும்தான்."

"ஒத்தையாவே காவல் காத்துனு இருந்தீங்களா?"

சந்திரம்மாளின் தோள் குலுங்கியது. அவள் அழுவது தெரிந்ததும் மெர்சி உட்கார்ந்தபடியே ஓரடி முன்னால் நகர்ந்தாள். வெயில் பிடரியைச் சுட்டது. இன்னும் ஓரடி. குழந்தையைப் பிடித்திருந்த கை தளர்ந்து தளர்ந்து இறுகுவதைப் பார்த்தாள். அவள் குதிக்காவிட்டாலும் குழந்தை நழுவிவிடும் போலிருந்தது.

"கை வலிக்குதாக்கா?"

"வலிக்குது."

"கொஞ்ச நேரம் நான் வச்சினு இருக்கறேன். யாரு புள்ளன்னு நான் ஒண்ணும் சொல்லல. நீங்க கைய ஆத்திக்கங்க. அவ்வளவுதான்."

சந்திரம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். "கோதண்டம் மாமா கயிறு வச்சினு கீறாரு. என்ன கட்டிப் போடுவாங்களா?"

கட்டவே மாட்டார்கள் என்று சொல்லிவிடத்தான் மெர்சிக்கு ஆசை. ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்ற இந்த ஊரில் அவளுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

"அவுங்க இன்னா செய்வாங்கன்னு எனுக்குத் தெரியாதுக்கா. நான் உங்க கூட வருவேன். எங்க கூட்டினு போனாலும் வண்டில உங்க பக்கத்துல நான் உக்காந்து வருவேன். அது மட்டும் நிச்சயம்."

 சந்திரம்மாள் குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உடம்பைத் திருப்பி, இரண்டு கையாலும் அதை நீட்டினாள். மெர்சி எழுந்து கிட்டப் போய் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் அவள் முழங்கையைப் பற்றினாள். சந்திரம்மாள் ஒவ்வொரு காலாக இந்தப் பக்கம் எடுத்து வைத்தாள். தரையில் கால் பட்டதும் அப்படியே மடிந்து மெர்சியின் மேல் சாய்ந்தாள்.

அதோடு முடியவில்லை. கூட்டம் ஓடி வந்தது. கோதண்டம் கயிற்றை விடவில்லை. பூசாரியிடம்தான் போக வேண்டும் என்றார். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள் மெர்சி. கோவிந்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கீப்பாக்கம் பைத்தியாஸ்பத்திரி கேஸுன்னு ஊரே பேசும் டீச்சரம்மா. நாளிக்கி யாரு இந்த வூட்டுத் தண்ணிய குடிப்பாங்க?"

"ஒடம்புக்கு வர்ற காய்ச்சல் மாதிரிதாம்மா இது. மருந்து குடுத்தா தீரும். லேட் பண்ணா திரும்பவும் கெணத்துக்குத்தான் போவாங்க."

"நீ இன்னா டாக்டரா?" என்றார் கோதண்டம்.

"இல்லீங்க. டாக்டராண்ட கூட்டினு போறதுதான் என் வேல."

அப்போது மண்பாதையில் கம்பெனி ஜீப் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. சேதி கேட்டதும் நல அதிகாரி தசரதனை ஷிஃப்டிலிருந்து விடுவித்து, வண்டியையும் கொடுத்து அனுப்பியிருந்தார். எண்ணெய்க் கறை யூனிஃபார்மோடு குதித்த தசரதன் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மண்ணில் கிடந்த மனைவியையும் சித்தப்பா கையிலிருந்த கயிற்றையும் பார்த்தான்.

"கயித்த கீழ போடு சித்தப்பா" என்றான். மெர்சியிடம் திரும்பி, "எங்க போவணும், சொல்லுங்க" என்றான்.

தாம்பரம் வழியாக மெட்ராஸ் போய்ச் சேரும்வரை சந்திரம்மாளின் தலை மெர்சியின் மடியில் இருந்தது. டாக்டர்கள் மூன்று வாரத்துக்கு மேல் அவளை வார்டில் வைத்திருந்தார்கள். அந்த வார்டில் மெர்சி படிக்கும் அதே படிப்பைப் படித்த ஒரு பெண் வேலை பார்த்தாள். மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும், வீட்டில் யார் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் கோவிந்தம்மாவுக்கு அவள் நிதானமாகச் சொல்லிக் கொடுப்பதை மெர்சி சுவரோரம் நின்று கேட்டாள்.

ஃபாக்டரி நல அதிகாரியும் மெர்சியை அழைத்துப் பேசினார். படிப்பு முடிந்ததும் வந்து பார்க்கச் சொன்னார். எபினேசருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மார்ச்சில் அவள் மருத்துவ, மனநலப் பிரிவைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரில உனுக்கு யாரும்மா சல்யூட் அடிப்பாங்க?" என்றார் அவர்.

"அடிக்க வேணாம்பா."

அவர் அன்று முழுதும் அவளோடு பேசவில்லை. மறுநாள் பேசினார்.

ஏப்ரலில் ஒரு நாள் ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் சந்திரம்மாளைப் பார்த்தாள். இடுப்பில் குழந்தை, பக்கத்தில் தசரதன். சந்திரம்மாள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கமாயிருக்கும் என்று நினைத்து மெர்சியும் சும்மா நின்றாள். கொஞ்சம் கழித்து அவளே வந்தாள்.

"டீச்சர், அன்னிக்கி நான் இன்னா சொன்னேன்? யாரக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்றாங்க."

மெர்சி தசரதனைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புள்ளய மாத்திட்டாங்கன்னு சொன்னீங்க. தண்ணில வுடணும்னு சொன்னீங்க" என்றாள் மெர்சி. "அப்புறம் நீங்களே திரும்பி எங்கிட்ட குடுத்தீங்க."

"யாரும் புடுங்கலயா? நானேவா குடுத்தேன்?"

"நீங்களேதான்கா."

சந்திரம்மாள் குழந்தையின் கழுத்து வேர்வையை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். வாலாஜாபாத் பஸ் வந்தது. தசரதன் கைகொடுக்க, அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டாள்.