முகடு யாருக்க பக்கம்

என் மாமனார் சாகும்முன் உயில் எழுதினார். வீட்டின் முன்பக்கம் மூத்தவன் விஜயதாஸுக்கு, பின்பக்கம் இளையவன் நேசமணிக்கு. நடுவில் ஒரு மண்சுவர் எழுப்பிக்கொள்ள வேண்டும். தாளைப் பார்த்து எழுதிய மனுஷர் ஒரு தரம் தலையைத் தூக்கி மேலே பார்த்திருக்கலாம். சுவர் வந்து நின்ற இடம் கூரை முகட்டுக்கு நேர் கீழே. முன்னால் ஒரு சரிவு, பின்னால் ஒரு சரிவு, இரண்டும் சேரும் முகடு ஒன்று. அந்த முகடு யாருக்கு என்று உயிலில் ஒரு வரி இல்லை.

நேசமணி என் கணவர். உதியன்குளங்கரை ஜங்ஷனில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய அண்ணன் சர்க்கார் சர்வேயில் சங்கிலி பிடிக்கிற வேலை பார்த்தார். யாருடைய புரையிடம், அதாவது வீட்டுமனை, எங்கே முடிகிறது என்று சங்கிலி போட்டுக் காட்டுவார். ஒரு விரல் அகலத்துக்கு இரண்டு குடும்பம் வெட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடுவார். அண்ணன் மனைவி ராஜபாய் அக்கா. அவளும் நானும் ஒரே மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் பேறுகாலத்துக்குப் போக ஒரு தாய்வீடு கிடையாது.

ஓலைக் கூரைக்கு வருஷத்தில் நாலு வேலை உண்டு. எங்கள் பக்கத்துச் சித்திரையான மேடத்தில் பழையதைக் கழித்துப் புது ஓலை மேய வேண்டும். வைகாசியான இடவம் பாதியில் பெருமழை இறங்கியதும், கீழே மல்லாந்து கிடந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து ஓலை செருக வேண்டும். ஐப்பசியில் வரும் துலாமழைக்கு முன்னால் எலி கடித்த பொத்தலை அடைக்க வேண்டும். மார்கழியில் வீசும் தனுமாதக் காற்றுக்குக் கம்பு வைத்துக் கட்டி அமர்த்த வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த பருவம் காட்டிக்கொடுத்துவிடும்.

இது எனக்குப் பாடமாகத் தெரியும். என் முதல் பிள்ளை ஒரு துலாமழையில் பிறந்தான். எலி கடித்த பொத்தலை நாளைக்கு அடைக்கிறேன் என்று இவர் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. கட்டிலை எங்கே நகர்த்தினாலும் சாரல் தேடி வந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டான். மழையால்தான் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் வாயால் சொல்லவில்லை. 1954-ல் மறுபடியும் வயிறும் பிள்ளையுமாக இருந்தபோது, கணக்குப்படி இடவம் கடைசியில் பேறுகாலம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, நனையாத ஓர் அறை.

எங்கள் பக்கம் புரைகெட்டு, அதாவது கூரை மேய்கிற வேலை, என்றால் அயலார் எல்லாம் வருவார்கள். நீ என் கூரையில் ஏறினால் நான் உன் கூரையில் ஏறுவேன், அவ்வளவுதான் கணக்கு. விடிந்ததும் பழைய ஓலையைப் பிரித்தால், அந்திக்குள் மூடிவிட வேண்டும். மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வீட்டுக்காரர் பொறுப்பு. எங்கள் வீட்டில் அண்ணன் மேலே உட்கார்ந்து ஓலை வைப்பார். தம்பி உள்ளே நின்று கயிற்றை வாங்கி, மரத்தைச் சுற்றித் திருப்பிக் கொடுப்பார். ஒரு நாளில் இரண்டு சரிவும் முடியும். கடைசியில் ஓலையை மடக்கி முகட்டின் இரண்டு பக்கமும் கவிழ்த்துக் கட்டினால் வேலை தீர்ந்தது.

அந்த வருஷம் எல்லைப் போராட்டம் ஊருக்குள் நன்றாக வேர்பிடித்திருந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டு மதராஸோடு சேர வேண்டும் என்று இவர். சேர்ந்தால் மலையாளத்தில் எழுதிய சர்வே ரிக்கார்டுகளோடு தன் வேலையும் போய்விடும் என்று அண்ணன். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இங்கே அண்ணனுக்கு எதிரே வந்த படையே தம்பிதான். மாசி மாதத்தில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் நடுச்சுவர் ஆள் உயரத்துக்குமேல் இல்லை. அதனால் ஒருவர் பேசுவது ஒன்றுவிடாமல் மற்றவருக்குக் கேட்கும். இவர் என்னிடம் பேசுவதுபோல அண்ணனைத் திட்டுவார். அண்ணன் அக்காவிடம் பேசுவதுபோல பதில் சொல்வார். முன்பு பேசியதைவிட இப்போதுதான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

மேடம் பிறந்ததும் அண்ணன் ஒரு திங்கட்கிழமை தன் ஆபீஸ் ஆட்களைக் கூட்டிவந்து முன்சரிவை மட்டும் பிரித்தார். மேய்ந்துகொண்டே மேலே போனவர், முகட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தார். உத்திரத்தின் நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூல் பிடித்தார். நூலுக்கு அந்தப் பக்கம் நீண்ட ஓலை நுனியை எல்லாம் வெட்டுக்கத்தியால் நேராக வெட்டினார். புரையிட எல்லை போடுகிற கை அது, கோடு ஒரு மயிரிழை கோணவில்லை.

"அடுத்தவனுக்க பக்கம் எனக்க ஓலை ஒரு நுனி கெடக்கப்படாது" என்றார் அக்காவிடம்.

"அப்பம் முகடு?" என்று அக்கா கேட்டாள்.

"முகடு பொறகு கெட்டுறவனுக்க வேலையாக்கும்."

சனிக்கிழமை இவர் போராட்டக்காரர்களைக் கூட்டிவந்து பின்சரிவை மேய்ந்தார். முகட்டுக்கு வந்ததும் அண்ணன் வெட்டிய கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதிலிருந்து இரண்டு விரல் இப்பால் தள்ளி, தன் ஓலையை வெட்டினார். ஆக்கிரமித்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாதாம்.

"முகடு?" என்றேன்.

"மூத்தவனுக்க உரிமையில நான் கைவெக்க மாட்டேன்" என்றார், சுவரைப் பார்த்து.

மாநில எல்லை பிறகு எங்கே விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டு உத்திரத்தின்மேல் அது அன்றைக்கே விழுந்துவிட்டது, இரண்டு விரல் அகலத்தில்.

மேடம் முழுவதும் எங்களுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. பதினொரு மணிக்கு வெயில் கோடு அண்ணன் பக்கம் கிடக்கும், உச்சியில் சுவர் தலையில் ஏறும், ஒரு மணிக்கு என் கட்டிலுக்கு வரும். அயலார் இரண்டு பேர் வந்து, நாங்கள் கட்டித் தருகிறோம் என்றார்கள். தன்னிடம் கேட்டவரை அண்ணன் போராட்டக்காரன் என்றார். தன்னிடம் கேட்டவரை இவர் சர்க்கார் ஆள் என்றார். அதோடு அவர்களும் தங்கள் கூரையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இடவத்தில் முதல் மழை ஒரு மத்தியானம் அரைமணி நேரம் பெய்தது. பெருமழை அல்ல, அதன் முன்னோட்டம். தண்ணீர் கோடு பிடித்தாற்போல் நடுச்சுவரில் இறங்கியது. மண்சுவர் அல்லவா, குடித்தது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது எங்கள் வீட்டுக்குள் உண்மையாயிற்று. வெளியே வெயில் அடித்த பிறகும் கட்டில்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று மாலை பேறுகாலம் பார்க்கிற அம்மிணி என்னைப் பார்க்க வந்தாள். பக்கத்துப் புரையிடத்துக்காரி, மலையாளம் கலந்து பேசுவாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"பிள்ள தல திரும்பியாச்சு. நாலு நாளு, அல்லெங்கில் அஞ்சு" என்றாள். "பக்ஷே இந்த முறியில நான் பிள்ள எடுக்க மாட்டேன், மோளே. ஆகாசம் காணுது."

அவள் போனதும், இந்த அறையில் பிள்ளை எடுக்க மாட்டாளாம் என்று இவரிடம் சொன்னேன். "அண்ணன்காரன் முகட்டக் கெட்டட்டும்" என்றார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஏட்டி ராஜபாய், இளையவன் கெட்டட்டும்னு சொல்லு." அக்கா யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு இவருக்குச் சோறு போட்டேனே தவிர, குழம்பு ஊற்றவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை. தாலுகாவைப் பற்றி யோசித்துக்கொண்டே வெறும் சோற்றைத் தின்று முடித்தார்.

மறுநாள் காலை அண்ணன் ஆரியங்கோட்டுக்குச் சங்கிலியோடு போனார். இவர் பாறசாலைக்குக் கூட்டத்துக்குப் போனார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ராஜபாய் அக்கா புறவாசலில் வந்து நின்றாள். மீந்த ஓலைக் கட்டு தோளில் இருந்தது. புடவையை முழங்காலுக்குமேல் ஏற்றிச் செருகியிருந்தாள்.

"ஏணியப் பிடி மக்கா."

"பெண்ணு கூரையில கேறினா வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுவாவ அக்கா."

"ஆகாததெல்லாம் ஆகியாச்சு. நீ உள்ள போய் கயிறு வாங்கு. ஒன்னால ஒக்குமா?"

முடியாது என்று சொல்ல எனக்கு வேறு அறை இல்லை. உரலைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறினேன். கையில் ஒரு கவைக்கம்பு. மேலே ஓலை சரசரத்தது, அக்காவின் பாதம் தெரிந்தது. கயிறு முன்சரிவு வழியாக உள்ளே இறங்கும். அதைக் கவையில் மாட்டி, உத்திரத்துக்கு இந்தப் பக்கமாகப் பின்சரிவு வழியாக மேலே தள்ளுவேன். அவள் பிடித்து இழுத்து முடிச்சுப் போடுவாள். பிறகு ஒரு முழம் நகர்வாள். நான் கீழே இறங்கி, உரலை ஒரு முழம் உருட்டி, மறுபடியும் ஏறுவேன். வயிற்றுக்குள் பிள்ளை சும்மாவே கிடந்தது. அதற்கும் காரியம் புரிந்திருக்க வேண்டும்.

முக்கால் வீடு முடிந்தபோது மழை வந்தது.

"எறங்குங்க அக்கா, வழுக்கும்."

"கயிறத் தா நீ."

தந்தேன். பதினாலு இடத்தில் கயிறு வாங்கிக் கொடுத்தேன். கடைசி முடிச்சு விழுந்ததும் அறை இருட்டாயிற்று. கூரைக்குமேல் அவ்வளவு மழையும் இரைந்தது, உள்ளே ஒரு துளி இல்லை. நான் உரலின்மேல் நின்றபடியே அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதில் வெட்கமில்லை. அக்கா இறங்கி வந்தபோது இரண்டு முழங்காலும் உரிந்து ரத்தம் வழிந்தது.

"யாருட்டயும் இதப்பத்தி மிண்டாத" என்றாள் துணியால் துடைத்துக்கொண்டே. "ரெண்டுபேரும் ஜெயிச்சதாட்டு நெனைக்கட்டும். ஒனக்குப் பேறுகாலம் தீர்றதுவரை வீடு சும்மா கெடக்கட்டும்."

அப்படியே நடந்தது. இவர் வந்து முகட்டைப் பார்த்து, "கடைசியில அண்ணன் மடங்கிட்டானாக்கும்" என்றார், சத்தம் குறைத்து. சுவருக்கு அப்பால் அண்ணன் அக்காவிடம் அதேபோல் சத்தம் குறைத்து, தம்பி மடங்கிவிட்டான் என்று சொன்னது சுவரோரம் படுத்திருந்த எனக்கு மட்டும் கேட்டது. ஜெயித்தவர்களுக்கு ஒரு பெருந்தன்மை வரும் அல்லவா, அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் திட்டவில்லை. நாலு நாள் அந்த வீட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்தாம் நாள் காலையில் பிள்ளை பிறந்தாள். அம்மிணி குளிப்பாட்டித் துடைத்து, காய்ந்த துணியில் சுற்றி, காய்ந்த பாயில் என் பக்கத்தில் கிடத்தினாள். அண்ணன் முன்வாசலைச் சுற்றிக்கொண்டு பின்முற்றத்துக்கு வந்தார். மாசிக்குப் பிறகு அவர் அங்கே கால்வைப்பது அதுதான் முதல் தடவை. இவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"எலே நேசமணி" என்றார் அண்ணன். "நடந்தது போவட்டும். நீ முகடு கெட்டினது நல்ல காரியம்."

"அண்ணனாக்குமே கெட்டினது" என்றார் இவர். "நானும் அதச் சொல்லத்தான் இருந்தேன். பெரிய மனசு உங்களுக்கு."

"நான் கெட்டல்லியே."

"நானும் கெட்டல்ல."

இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். முற்றத்தில் கைகழுவிக்கொண்டிருந்த அம்மிணிக்கு அதைச் சகிக்க முடியவில்லை.

"ராஜபாய் கேறி ஓல வச்சா. விமலகுமாரி உள்ள நின்னு கயிறு குடுத்தா. மழையில ராஜபாய் கூரையில நின்னத நான் எனக்க முற்றத்துல நின்னு கண்டதாக்கும். நிங்க ரெண்டாளும் அன்னு நாட்டக் காப்பாத்தப் போயிருந்து."

அண்ணன் முன்பக்கம் போனார். "கால்முட்டக் காட்டு" என்று அக்காவிடம் அவர் சொல்வது கேட்டது. "இப்பம் காட்டி என்னத்துக்கு" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சுவருக்கு மேலாக ஒரு பேச்சு என் காதுக்கு வராமல் போனது அதுதான் முதல் தடவை.

இவர் உள்ளே வந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். தரையில், ஒரு முழத்துக்கு ஒன்றாக உரல் அழுத்திய வட்டத் தடம் அந்தக் கோடிவரை போயிருந்தது. தடங்களை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டே நடந்து, கடைசித் தடத்தருகே நின்றார்.

"இந்த வயித்த வச்சிட்டா கேறின?"

"பொறகு?"

கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறாரா, தாலுகாவைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறாரா என்று தெரியவில்லை. இரண்டையும் கேட்க எனக்கு அப்போது பொறுமை இல்லை. இரண்டு வருஷமாக வாயில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"அவன் நனைஞ்சான்" என்றேன். "இவ நனையல்ல."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெளியே இடவ மழை பலமாக இறங்கியது. நான் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் திரும்பிப் படுத்தேன்.