இருபத்தாறு அழுமூஞ்சிகள்

யோசிக்கும் கெட்ட பழக்கத்தை ஒழித்தால்தான் மனிதகுலம் கணக்கில் தேறும் என்பது பார்முலா சாரின் கொள்கை. மாடியறையில் அவர் நடத்தும் டியூஷனில் கேள்வியை முழுதாகப் படிப்பதே வீண்வேலை. கண்ணில் படும் சொல்லைப் பிடி, சூத்திரத்தை எடு, எண்ணைப் போடு, எழுந்து போ. யாராவது படம் போட்டுப் பார்த்தால், "கலர் பென்சில் வாங்கிட்டு டிராயிங் கிளாஸுக்குப் போ கண்ணு" என்பார்.

இத்தனை பெரிய கொள்கைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு எதிர்க்கட்சி இருந்தது. எட்டாவது படிக்கும் மகள். பள்ளியின் கணக்குப் போட்டி அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் ஒரே ஒரு கேள்வியால் அவளுக்கு இடம் தவறியிருந்தது. இருபத்தேழு பேர் ஆடும் கேரம் போட்டி, தோற்றவர் வெளியே, ஒருவரே மிஞ்ச எத்தனை ஆட்டம்? விடைக்குறிப்பில் 351. எல்லாரும் எல்லாரோடும் மோதினால் வரும் விடை அது. குறிப்பைத் தயாரித்துப் பள்ளிக்குக் கொடுத்தவர் பார்முலா சார். 'பேர்', 'ஆட்டம்' இரண்டையும் பார்த்ததும் மீதியை அவர் படிக்கவில்லை.

மகள் எழுதியிருந்தது 26. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் தாளை வைத்தாள்.

"என்னடி இது, ஓரமெல்லாம் மூஞ்சி?"

"ஒரு ஆட்டம் முடிஞ்சா ஒருத்தர் அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போவாங்கப்பா. கடைசில ஒருத்தர்தான் அழ மாட்டாங்க."

"ஸ்டெப்ஸ் எங்க?"

"அழுறதுதான் ஸ்டெப்."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"351னு திருத்தி எழுதிக் குடுத்தா டீம்ல சேத்துக்கிறேன்னு டீச்சர் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"எடமே போயிடும்டி."

"போகட்டும். தோத்தவங்க எதுக்குப்பா திரும்ப வந்து ஆடணும்?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள். "உங்களைத்தான் கேக்குறா."

"கிளாஸுக்கு நேரமாச்சு" என்று பாதிச் சோற்றில் எழுந்து மாடியேறினார். இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. பலகையில் 351 என்று பெரிதாக எழுதினார். மார்க்கரில் மை இருக்கிறதா என்று பார்ப்பவர்போலக் கீழே ஒரு வட்டம் போட்டார். இரண்டு கண். தொங்கிய வாய். பக்கத்தில் இன்னொன்று. தோற்றவர் முகத்தைக் குறுக்குக்கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போனார். இடம் போதாமல் முகங்கள் 351 மேலேயே ஏறின.

படிக்கட்டில் செருப்புகள் கழன்று விழும் சத்தம் கேட்டது. டஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பார்முலா சார் கடைசி வட்டத்துக்கு வாய் வரைந்துகொண்டிருந்தார்.