எதிர் வீடு

லிஃப்ட் மெக்கானிக்கின் அக்காவுக்கு அந்த வீட்டில் மேனேஜர் என்று பெயர். வைத்தவன் அவன்தான். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்ட ஒருத்தி, அடுப்பு பற்ற வைப்பதிலிருந்து மின்சாரக்காரனிடம் சண்டை போடுவது வரை ஒரு வீட்டையே கட்டி ஆண்டால் வேறு என்ன பெயர் வைப்பது? தம்பியும் தம்பி மனைவியும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை வீடு அவளுடைய ராஜ்ஜியம். உதவி செய்கிறேன் பேர்வழி என்று யாராவது அவள் முழங்கையைப் பிடித்தால் தொலைந்தார்கள். "ஏன், நான் ஓடிப்போயிடுவேன்னு பயமா?" என்று கேட்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் கம்பெனிக்காரன் கட்டையைப் போட்டான். இங்கே இருந்த கிளையை இழுத்து மூடப் போகிறார்களாம். வேலை வேண்டுமென்றால் வேறு மாநிலத்தில், ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போக வேண்டிய நகரத்துக்கு வரலாமாம். இந்த வயதில் அவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? மெக்கானிக் அக்கா முன்னால் உட்கார்ந்து மென்று முழுங்கினான்.

"போவோம்டா," என்றாள் அக்கா. "வேலை இல்லாம வீட்டுல உக்காந்தா நீ சமையல்கட்டுல வந்து நொட்டை சொல்லுவ. அதுக்கு ஊர் மாறுறதே மேல்."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு தம்பி. அங்கேயும் நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவீங்க. விழுந்து கெடந்தா பக்கத்து வீட்டுக்காரிய கூப்பிடலாம்னா எனக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. அதனால போய் இறங்குற அன்னிக்கே எனக்கு அந்த வீடு தெரிஞ்சிருக்கணும். என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

என்ன பண்ணினான் என்று கேளுங்கள். வீடு பார்க்கப் போனவன் டேப்பை எடுத்துக்கொண்டு போனான். வாசற்படியில் ஆரம்பித்து, சுவர், கதவு, மேடை, குழாய் என்று ஒன்று விடாமல் அளந்தான். நம்ம பாஷை பேசும் புரோக்கர் ஒருவர், பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர், கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "சார், வீட்டை வாடகைக்கு எடுக்கிறீங்களா, பேத்து எடுத்துட்டுப் போகப் போறீங்களா?" என்று கேட்டார். மெக்கானிக் சிரித்துவிட்டு அட்வான்ஸைக் கொடுத்தான்.

திரும்பி வந்ததும் இருக்கிற வீட்டை அந்த வீடாக மாற்ற ஆரம்பித்தான். பாத்ரூமை மட்டும் நகர்த்த முடியாது. சரி என்று வீட்டையே அதைச் சுற்றித் திருப்பினான். பீரோவையும் அலமாரியையும் வரிசையாக நிறுத்தி ஒரு நடை உண்டாக்கினான். பின்னறையில் இருந்த அக்காவின் கட்டில் கூடத்துக்கு வந்தது. அடுப்பு, மேடையை விட்டு இறங்கி ஒரு மேஜைக்குப் போனது. சுவர் இல்லாத இடத்தில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டான். அவன் மனைவி காபி டம்ளரோடு போர்வையில் முட்டிக்கொண்டு, "நம்ம வீட்டுலேயே நான் விருந்தாளியா வந்த மாதிரி இருக்குங்க," என்றாள்.

அக்கா பழகினாள். சும்மா சொல்லக்கூடாது, பிசாசு மாதிரி பழகினாள். உள்ளே நுழைந்ததும் வலது கையைச் சுவரில் வை. முதல் கதவு அவள் அறை, அடுத்த கதவு பாத்ரூம். இடது பக்கம் திரும்பினால் சமையலறை. அடுப்பு இந்தக் கைக்கு, குழாய் அந்தக் கைக்கு. ஆரம்பத்தில் கால் கட்டைவிரலைப் பேர்த்துக்கொண்டாள், பாலைக் கொட்டினாள், தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். போகப் போகத் திட்டு குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கட்டிலிலிருந்து எழுந்து போய், தேநீர் போட்டு மூன்று பேருக்கும் கொண்டு வந்து வைத்தாள். "எடுத்துக்கோங்க. புது வீட்டுத் தேநீர்," என்றாள். மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதன் வாழ்க்கையில் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று நினைத்தான்.

நினைத்தால் ஆகுமா? லாரிக்குச் சொல்லியாயிற்று. இந்த வீட்டுக்கு வேறு ஆள் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கிளம்ப ஒரு வாரம்கூட இல்லாதபோது புரோக்கர் போன் செய்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்த வீட்டுக்கு ஓனரோட பையனே குடி வர்றானாம். ஆனா உங்களை நடுத்தெருவுல விட்டுருவேனா? நேர் எதிர் வீடு காலியா இருக்கு. அதே மாடி, அதே வாடகை. ஒரு இஞ்ச் குறையாது சார், அச்சு அசல் அதே வீடு."

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப நன்றிங்க, நல்லா இருப்பீங்க," என்று சொல்லிப் போனை வைத்தான். டேப்பைப் பிடித்தே காலம் தள்ளிய மனிதனுக்கு அளவு சரியாக இருந்தால் எல்லாம் சரி. கூடத்துக்கு வந்து, அக்கா வலது கையால் பீரோவைத் தடவிக்கொண்டு பாத்ரூமுக்குப் போவதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. எதிர் வீடு. வாசலைப் பார்த்த வாசல். கண்ணாடியில் தெரிவதுபோல அங்கே வலது இங்கே இடது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

திரும்பப் போன் செய்தான். கெஞ்சினான். புரோக்கருக்கு அவன் கஷ்டம் விளங்கவே இல்லை. "அதே வீடுதான் சார், காத்தோட்டம்கூட இதுல ஜாஸ்தி," என்றார். வேறு வீடு இந்த வாடகைக்குக் கிடைக்காது, கொடுத்த அட்வான்ஸும் வராது. ஓனரிடம் பேசச் சொன்னான். ஓனருக்கு இவன் பாஷை தெரியாது, இவனுக்கு அவர் பாஷை தெரியாது. அழக்கூட ஒரு பொதுப் பாஷை வேண்டியிருக்கிறது பாருங்கள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி.

அவனே சொன்னான். அக்கா கேட்டுக்கொண்டு, "இதுக்கா இப்படித் திணறுற? வலது கைக்குப் பதிலா இடது கை. அவ்வளவுதானே?" என்று எழுந்தாள். போர்வையையும் பீரோவையும் மாற்றிப் போட்டார்கள். பாத்ரூம் மட்டும் மாற மாட்டேன் என்று அங்கேயே நின்றது. இடது கையை நீட்டினாள். நாலு அடி நன்றாகத்தான் போனாள். அதற்குப் பிறகு அவள் கால் அவளைக் கேட்காமல் இடது பக்கம் திரும்பிச் சமையலறையைத் தேடியது. நெற்றி அலமாரியில் போய் மோதியது. மறுபடி நடந்தாள், மறுபடி மோதினாள். மூன்றாம் முறை கொதிக்கும் பாத்திரத்தின் மேல் கையை வைத்துவிட்டாள்.

மருந்து போடும்போது, "தலைக்குப் புரியுதுடா, கைக்குப் புரியல," என்றாள்.

மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. கிளம்பும் வரையாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று எல்லாச் சாமான்களையும் பழைய இடத்திலேயே கொண்டு போட்டான். கட்டில் பின்னறைக்குப் போயிற்று. அடுப்பு மேடைக்கு ஏறிற்று. "அக்கா, நம்ம வீடு நம்ம வீடாவே இருக்கு. நீ உன் இஷ்டத்துக்கு இரு," என்றான்.

அவள் கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள். கூடத்து நடுவில் வந்ததும் வலது கை தானாக நீண்டது. அங்கே பீரோ இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். ஒரு அடி வைத்தாள், பின்வாங்கினாள், திரும்பினாள். எந்தப் பக்கம் வந்தோம் என்பதே தெரியாமல், பிறந்ததிலிருந்து இருந்த வீட்டின் நடுவில், இரண்டு கையையும் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றாள். தம்பி மனைவி ஓடிப் போய்ப் பிடித்தாள். அக்கா திட்டவில்லை, உதறவில்லை. மெக்கானிக் அதைப் பார்த்துத்தான் பயந்தான்.

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு சொல்லுவாங்க," என்று அக்கா சிரித்தாள். "எனக்குன்னே சொல்லி வெச்சிருக்காங்க பாரு."

யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவளைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் பாட்டுக்கு அங்கேயே இருந்தாள். சாமான்களைக் கட்டும் சத்தம் கேட்டும் எதையும் அதட்டிக் கேட்கவில்லை. மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டாள். சாயங்காலம் தேநீர் வேண்டாம் என்றாள். வெயில் அப்படிக் கொளுத்துகிறது. உதடு காய்ந்து போயிருந்தது. மெக்கானிக் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டு போய் அவள் கையில் வைத்தான்.

அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவனிடமே நீட்டினாள்.

"வேண்டாம் தம்பி. குடிச்சா எந்திரிக்கணும்."

டம்ளரை வாங்கிக்கொண்டு அவன் நின்றான்.